கோலார் தங்கமும் குஜரிக் கடையும்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த இளைஞர், "இந்த வருஷமும் கல்வெட்டுதானா சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. தொம்மலூர் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள், அல்சூர் சோமேசுவரர் ஆலயம், தண்டுப் பகுதியில் நம்மவர் குடியேறிய வரலாறு என்று நானும் மற்ற அன்பர்களும் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறோம். "இல்லை தம்பி, இந்த முறை குப்பையைப் பற்றி" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்!

குப்பைக்கு வரலாறு உண்டா என்று வாசக அன்பர்களும் நினைக்கலாம். கீழடியில் குழிகுழியாகத் தோண்டி எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் பானை ஓடுகளில் பல, அந்தக் காலத்து வீடுகளில் உடைந்துபோய் வெளியே வீசப்பட்டவைதாமே. நம் வீட்டிலும் ஒரு கீழடி இருக்கிறது. எங்கள் வீட்டில் அது மர அலமாரியின் அடித்தட்டு. அண்மையில் அதைத் திறந்து பார்த்தேன். உயிர்விட்ட கைபேசிகள் மூன்று, எந்தக் கருவிக்கு உரியது என்று யாருக்கும் தெரியாத சார்ஜர்கள் ஒரு பை நிறைய, கசிந்துபோன பேட்டரிகளோடு ஒரு டிரான்சிஸ்டர், நாடா சிக்கிக்கொண்ட டேப் ரிக்கார்டர். தூக்கிப் போடவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் வழியில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தபோதுதான், இந்த நகரத்தோடு நமக்குள்ள உறவின் கதை ஒன்று இதற்குள் இருப்பது புலப்பட்டது. அதன் ஒரு நுனி கோலார் தங்கவயலில் இருக்கிறது. அங்கே போவதற்கு முன் தெருவிலிருந்து தொடங்க வேண்டும்.

பேரீச்சம்பழக் காலம்

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" இந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் இன்னும் பலர் இருக்கிறார்கள். ஓட்டை வாளியையும் பிடி கழன்ற கரண்டியையும் கொடுத்தால் தள்ளுவண்டிக்காரர் காகிதத்தில் பேரீச்சம்பழத்தைப் பொட்டலம் கட்டித் தருவார். எடையில் அவர் கொஞ்சம் ஏமாற்றுவார், நாம் இரும்போடு கொஞ்சம் மண்ணையும் சேர்த்துப் போடுவோம், கணக்கு சரியாகிவிடும். ஓடாத வண்டியைப் பார்த்து, "இதைப் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்" என்று சொல்லும் வழக்கு, அந்த வண்டிக்காரர்கள் மறைந்த பிறகும் தமிழில் நிலைத்துவிட்டது.

தமிழ்நாட்டில் இவற்றை வாங்கும் கடைக்குக் காயலான் கடை என்று பெயர். காயல்பட்டினத்து வணிகர்களால் அந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். பெங்களூரில் அதுவே குஜரி. சிவாஜிநகரில் பழைய மோட்டார் உறுப்புகளுக்கு ஒரு குஜரி, காட்டன்பேட்டைப் பக்கம் ஜாலி மொஹல்லாவில் எல்லா உலோகத்துக்கும் கடைகள், ஞாயிறு விடிவதற்கு முன்பே கூடிக் கலையும் பழம்பொருள் சந்தை. தெருவில் "ஹளே பேப்பர், ஹளே கப்ணா, காலி சீசா" என்று கன்னடமும் தக்கினி உருதும் கலந்து கூவுகிறவரை மாடியிலிருந்து தமிழில் கூப்பிட்டால் தமிழிலேயே பதில் வரும். பேரமும் தமிழில்தான்.

1809-இல் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து படையை இங்கே மாற்றித் தண்டுப் பகுதியை உருவாக்கினார்கள். அதைத் தொடர்ந்து சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்கள், சமையல்காரர்கள், குதிரை பார்ப்பவர்கள், தச்சர்கள், துணி வெளுப்பவர்கள் என்று தமிழ்க் குடும்பங்கள் வந்தன. 1834 முதல் மதராஸ் சாப்பர்ஸ் படையின் இருப்பிடமும் இதுவே. படை இருக்கும் ஊரில் கழித்த பொருள் வாணிகமும் சேர்ந்து வளரும். பிய்ந்த கூடாரத் துணி, காலிப் புட்டி, பித்தளைப் பொத்தான், இரும்புச் சக்கரம் எல்லாவற்றுக்கும் ஒரு விலை இருந்தது. வாங்க ஓர் ஆளும் இருந்தார்.

அந்தக் காலத்துப் பொருள்களின் தன்மையை இங்கே குறிப்பிட வேண்டும். வாளி என்றால் இரும்பு, அண்டா என்றால் பித்தளை, செருப்பு என்றால் தோல். ஒரு பொருளில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு சரக்கு. சுத்தியும் உளியும் இருந்தால் பிரித்துவிடலாம். பிரிப்பவருக்குக் கை காய்க்கும், அவ்வளவே. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருபவர் பூசியதும் வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் அதுதான். காரீயம் என்பது வேறு, அது நஞ்சு. இந்த இரண்டு ஈயங்களும் தமிழில் ஒரே பெயரால் வழங்குவது பின்னால் வரப்போகும் கதைக்கு முக்கியம்.

கருவிகள் வந்த கதை

விடுதலைக்குப் பிறகு பெங்களூர் வேறு ஊராக மாறியது. 1940-இல் விமானத் தொழிற்சாலை வந்திருந்தது. 1948-இல் தூரவாணிநகரில் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை, 1954-இல் ஜாலஹள்ளியில் பாரத் எலக்ட்ரானிக்ஸ். இந்தத் தொழிற்சாலைப் பேருந்துகளில் காலையில் தமிழ்ப் பேச்சு எவ்வளவு கேட்டது என்பதை நம் மூத்த உறுப்பினர்கள் பலர் தம் அனுபவமாகவே சொல்வார்கள். நாடு முழுவதும் வரவேற்பறைகளில் வீற்றிருந்த கறுப்புத் தொலைபேசியை நம்மவர் கைகள் பூட்டின. அந்தக் கருவியை எளிதில் அழிக்க முடியாது. மணி ஒலிக்கவில்லை என்றால் திறந்து, துடைத்து, ஒரு திருகாணியை முடுக்கினால் மறுபடி ஒலிக்கும்.

1978-இல் கியோனிக்ஸ் நிறுவனம் ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தொடங்கியது. 1985-இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வந்தது. அதற்குப் பின் நடந்தது எல்லாருக்கும் தெரியும். நம் பிள்ளைகள் பலரும் இன்று இங்கே இருப்பதற்குக் காரணமே அதுதான். அதே காலத்தில் வீட்டுக்குள்ளும் மாற்றம். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தது. பிறகு கணினி, கைபேசி. எஸ்.பி. ரோட்டில் வாங்காத பொருள் இல்லை. ஆனால் வாங்கியவை போகும் இடம் எது என்று அன்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்தப் புதிய பொருள்களில் ஒன்றைக்கூடச் சுத்தியால் பிரிக்க முடியாது. ஒரு கைபேசிக்குள் தாமிரம், வெள்ளி, தங்கம், பல்லேடியம், கோபால்ட், லித்தியம், கண்ணாடி, பலவகைப் பிளாஸ்டிக் எல்லாம் மயிரிழை அளவில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. பழைய பெட்டி வடிவத் தொலைக்காட்சியின் படக்குழாய்க் கண்ணாடியில் காரீயம் கிலோ கணக்கில் கலந்திருக்கிறது. குழல்விளக்கிலும் சுருள் விளக்கிலும் சில மில்லிகிராம் பாதரசம். வயர்களின் மேலுறை பி.வி.சி. பேரீச்சம்பழ வண்டிக்காரரின் பேரன் அதே உளியோடு இந்தப் பொருளுக்கு முன்னால் உட்கார்ந்தால் என்ன ஆகும்? அதைச் சொல்லத்தான் கோலாருக்குப் போக வேண்டியிருக்கிறது.

பாறைத் தூசி

கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி 1880-இல் சுரங்கத் தொழிலை முறையாகத் தொடங்கியது. பூமிக்கு அடியில் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் ஊரில் சேரிக்கு ஒதுக்கப்பட்டவர்கள். மேலே துரைமார்களின் பங்களாக்களும் கிளப்பும் இருந்த பகுதியைக் குட்டி இங்கிலாந்து என்றார்கள். 1902-இல் சிவசமுத்திரத்து மின்சாரம் முதலில் போனது தங்கவயலுக்குத்தான். பெங்களூரின் தெருவிளக்குகள் 1905 வரை காத்திருந்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டர் ஆழத்தையும் தாண்டிப் போனது. சுமார் 120 ஆண்டுகளில் 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது.

விலை கொடுத்தது யார்? பாறையைத் துளைக்கும்போது எழும் சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து இறுகும் நோய்க்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். மைசூர் அரசு 1940-இல்தான் இதற்கென விதிகள் கொண்டுவந்து இழப்பீட்டுக்கு வழி செய்தது. சுரங்கம் தொடங்கி அறுபது ஆண்டுகள் கழித்து! 1940-களில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்துப் பார்த்தபோது 43.7 சதவீதம் பேருக்கு அந்த நோய் இருந்தது. நூற்றுக்கு நாற்பத்து மூன்று பேர். இந்த எண்ணை நான் முதன்முதலில் ஒரு மருத்துவப் பாடநூலில் பார்த்தபோது அச்சுப்பிழை என்று நினைத்தேன்.

தங்கமும் தேய்ந்துகொண்டே வந்தது. ஆரம்பத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த இடத்தில், கடைசிக் காலத்தில் 3 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு கலந்து தங்கத்தைப் பிரித்த பின் கொட்டிய மண், மலை மலையாக இன்றும் அங்கே நிற்கிறது. காற்று அடித்தால் ஊருக்குள் பறக்கிறது. வேலை போன குடும்பங்களின் பிள்ளைகள் மாரிகுப்பத்திலும் கோரமண்டலிலும் அதிகாலை ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வரத் தொடங்கினார்கள். காவலாளிகளாக, துப்புரவுப் பணியாளர்களாக, கடைச் சிப்பந்திகளாக. இன்றும் அந்த ரயில் நிரம்பி வழிகிறது.

ராஜ திராவகம்

சுரங்கம் மூடிய அதே காலத்தில் நூறு கிலோமீட்டருக்கு இப்பால், பெங்களூரின் நெருக்கமான சந்துகளில் இன்னொரு தங்க எடுப்பு தொடங்கியிருந்தது. கௌரிபாளையா போன்ற பகுதிகளின் சிறு அறைகளிலும் மொட்டை மாடிகளிலும் பழைய கணினிப் பலகைகளை அடுப்பில் வாட்டிச் சில்லுகளைக் கழற்றினார்கள். ஓரங்களில் தங்கமுலாம் உள்ள பகுதிகளை வெட்டி அமிலத்தில் ஊறவைத்தார்கள். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த கலவைக்குப் பொற்கொல்லர் வழக்கில் ராஜ திராவகம் என்று பெயர், தங்கத்தையே கரைக்கும். வயரைத் தாமிரத்துக்காக எரித்தார்கள். பி.வி.சி. எரிந்தால் டயாக்சின் என்னும் கொடிய நஞ்சு காற்றில் கலக்கும். பலகை வாட்டும் அடுப்பிலிருந்து வருவது காரீயப் புகை. மீந்த அமிலம் சாக்கடைக்கு.

இதைச் செய்தவர்களைக் குற்றவாளிகள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. யாரும் வாங்காத சரக்கை வாங்கி, அதில் நூறு குடும்பங்கள் பிழைத்தன. அவர்களுடைய கைத்திறனைக் குறைத்து மதிப்பிடுவது நம் படித்தவர்களின் பழைய நோய். ஒரு பலகையைப் பார்த்த மாத்திரத்தில் எந்தச் சில்லு இன்னும் உயிரோடு இருக்கிறது, எஸ்.பி. ரோட்டில் எவ்வளவுக்குப் போகும் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் தங்கம் எடுப்பதில் மட்டும் கணக்கு உதைத்தது. 2006-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் முடிக்கப்பட்ட ஓர் ஆய்வு பெங்களூரின் இந்த அமில முறையை அளந்து பார்த்தது. பலகையில் இருந்த தங்கத்தில் கால் பங்கு அளவுதான் இவர்கள் கைக்கு வந்தது. ஐரோப்பாவின் பெரிய உருக்காலைகளில் 95 சதவீதம் மீள்கிறது. முக்கால் பங்குத் தங்கம் சாக்கடையில் ஓட, முழுப் பங்குப் புகை நெஞ்சுக்குள் போனது. கோலாரில் தூசி, இங்கே புகை. அங்கே கம்பெனிக்காவது 120 ஆண்டு லாபம் கிடைத்தது. இங்கே யாருக்கும் பெரிதாக மிஞ்சவில்லை.

மாற்று வழிகளும் இந்த நகரத்திலிருந்தே புறப்பட்டன என்பதில் பெங்களூர்வாசி என்ற முறையில் எனக்கு ஒரு பெருமை. திடக்கழிவுக்காகவே 2001-இல் இங்கே தொடங்கப்பட்ட சாஹஸ் அமைப்பு பின்னர் மின்கழிவையும் சேகரிக்க ஆரம்பித்தது. 2005-இல் பி. பார்த்தசாரதி தும்கூர் சாலையில் தாபஸ்பேட்டையில் தொடங்கிய இ-பரிசரா, அரசு அனுமதியோடு மின்கழிவைப் பிரிக்கும் ஆலைகளில் இந்தியாவிலேயே முன்னோடி. கன்னடத்தில் பரிசரா என்றால் சுற்றுச்சூழல். கையுறையும் முகமூடியும் அணிந்து, எரிக்காமல் பிரித்து, சரக்கு வாரியாக ஒதுக்கும் முறை அது.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 2011-இல் அறிவிக்கப்பட்ட மின்கழிவு விதிகள் 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தயாரித்து விற்ற கம்பெனியே தன் பொருளின் முடிவுக்கும் பொறுப்பு என்ற கொள்கை நம் நாட்டில் மின்கழிவுக்கு அதில்தான் வந்தது. 2016 விதிகள் பாதரச விளக்குகளையும் சேர்த்துக்கொண்டன. 2022-இல் மூன்றாம் முறையாகத் திருத்தி எழுதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. அட்டவணையில் 21 ஆக இருந்த பொருள் வகைகள் நூறைத் தாண்டின. காகிதத்தில் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. 1940-இன் சிலிக்கோசிஸ் விதிகளும் காகிதத்தில் நன்றாகவே இருந்தன.

மாவள்ளிபுராவும் மண்டூரும்

சட்டம் எப்படியிருந்தாலும் நம் சமையலறைக் கதவு வரை மாற்றத்தைக் கொண்டுவந்தவர்கள் இரண்டு கிராமத்து மக்கள். வடக்கே மாவள்ளிபுரா, கிழக்கே மண்டூர். பெங்களூரின் குப்பையெல்லாம் லாரி லாரியாக அங்கே போனது. கிணற்றுத் தண்ணீர் கெட்டது, ஈயும் நாயும் பெருகின. 2012-இல் மாவள்ளிபுரா மூடப்பட்டதும் பாரம் முழுவதும் மண்டூர் தலையில் விழுந்தது. மண்டூர்க்காரர்கள் சாலையை மறித்தார்கள்; அந்த ஆண்டு நகரத்துத் தெருமுனைகளில் குப்பை மலையாய்க் குவிந்த நாற்றத்தை மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள். 2014 இறுதியில் மண்டூரும் நின்றது.

அதே 2012-இல் அக்டோபர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்று அப்போதைய பெங்களூர் மாநகராட்சி ஆணையிட்டது. வழக்கு உயர்நீதிமன்றத்தில் நடந்துகொண்டே இருந்தது. 2015 டிசம்பரில் வந்த உத்தரவுதான் இன்று நம் வீடுகளில் நிற்கும் இரண்டு தொட்டி, ஒரு பை: ஈரக் குப்பைக்குப் பச்சை, கழித்துக்கட்ட வேண்டியதற்குச் சிவப்பு, உலர்ந்ததற்குப் பை. வார்டுக்கு ஒன்று என்ற கணக்கில் உலர்கழிவு நிலையங்கள் ஏற்பட்டன. குப்பை பொறுக்குவோர் என்று நாம் கண்டும் காணாமல் இருந்தவர்களுக்கு, லோக் அதாலத் தலையிட்டதன் பேரில் 2011-இல் மாநகராட்சியின் அடையாள அட்டை கிடைத்தது. அந்த ஆண்டுகளில் உருவான ஹசிரு தளா அமைப்பின் மூலம் அவர்களில் பலர் உலர்கழிவு நிலையங்களை நடத்தும் பொறுப்புக்கே வந்தார்கள். போலீஸ்காரர் தடியால் விரட்டிய ஒருவர் சாவிக்கொத்தோடு நிலையத்தைத் திறக்கிறார் என்றால் அது சிறிய செய்தி அல்ல. மாநகராட்சி 2025 செப்டம்பரில் ஐந்தாகப் பிரிக்கப்பட்டு, மேலே பெருநகர பெங்களூர் ஆணையம் என்று ஒன்று வந்திருக்கிறது. தொட்டிகளின் நிறம் மாறவில்லை.

ஆனால் பச்சை, சிவப்பு, பை என்ற மூன்றிலும் அடங்காத பொருள்கள் உண்டே! உடைந்த குழல்விளக்கு, பழைய பெயின்ட் டப்பா, காலாவதியான மருந்து, தெர்மகோல், பிய்ந்த மெத்தை, ஒற்றைச் செருப்பு, உள்ளே வெள்ளிநிறத் தாள் ஒட்டிய சிப்ஸ் பாக்கெட். இவற்றில் விளக்கு, பெயின்ட் டப்பா, மருந்து, பேட்டரி, ஊசி ஆகியவற்றை 2016 திடக்கழிவு விதிகள் வீட்டு அபாயக் கழிவு என்று தனியே வகைப்படுத்தின. மற்றவை அபாயமில்லை, ஆனால் யாருக்கும் வேண்டாதவை. தெர்மகோலைப் பாருங்கள். லாரி நிறைய ஏற்றினாலும் எடை சில மூட்டை அரிசிக்கு ஈடாகாது. டீசல் செலவுக்கே கட்டாது. குஜரிக்காரர் தொடமாட்டார். இவற்றை ஒரு வீடு தனியாக ஒன்றும் செய்ய முடியாது. நூறு வீடு சேர்ந்து ஒரே நாளில் கொடுத்தால்தான் எடுத்துப் போக ஒரு வண்டி வரும். பெங்களூர் அடுக்ககங்களில் சேகரிப்பு நாள் என்ற வழக்கம் பரவியதன் காரணம் இதுவே. பழுது பார்ப்பதற்காகவே கூடும் ரிப்பேர் கஃபே என்ற ஏற்பாடு ஆம்ஸ்டர்டாமில் 2009-இல் பிறந்து, 2015-இல் இந்நகரத்திலும் தொடங்கியது. நம் தாத்தாக்கள் ஈயம் பூசுபவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்களே, அதேதான். காப்பி மட்டும் புதிது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். மின்கழிவு ஒரு தங்கச் சுரங்கம் என்று பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். ஒரு கைபேசியில் சுமார் 0.03 கிராம் தங்கம் உண்டு. கைபேசிகளை மட்டும் ஒரு டன் குவித்தால் 200, 300 கிராம் வரை தேறும். கோலாரின் கடைசி 3 கிராமோடு ஒப்பிட்டால் வாய் பிளக்கத்தான் தோன்றும். ஆனால் ஜப்பானில் நடந்ததையும் பார்க்க வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை மக்களிடம் பழைய கருவிகளைச் சேகரித்தார்கள். சுமார் 62 லட்சம் கைபேசிகள் உட்பட 79,000 டன் சிறு மின்கருவிகள் வந்தன. பதக்கங்களுக்குக் கிடைத்த தங்கம் 32 கிலோ. வகுத்துப் பாருங்கள், டன்னுக்கு அரை கிராம்கூட இல்லை! தூசு உறிஞ்சியும் விசிறியும் மிக்ஸியும் கலந்த கலவையில் தங்கம் அவ்வளவுதான். ஆக, தங்கத்தின் லாபத்தில் மற்றதெல்லாம் தானே சுத்தமாகிவிடும் என்பது கனவு. காரீயக் கண்ணாடிக்கும் பாதரச விளக்குக்கும் யாராவது கைக்காசு போட வேண்டும். அந்தக் காசு விற்ற கம்பெனியிடமிருந்து வர வேண்டும் என்கிறது விதி. வராதபோது, உடம்பால் கட்டுகிறவர் ஒருவர் இருக்கவே செய்கிறார். 2022-இல் உலகம் முழுவதும் உண்டான மின்கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததற்கு ஆவணம் உள்ளது 22.3 சதவீதமே என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கை கூறுகிறது. மீதியில் ஒரு பகுதி ஏதோ ஒரு ஊரின் கௌரிபாளையாவில்தான்.

எங்கள் சேகரிப்பு நாள்

அலமாரியைத் திறந்த கதைக்கு வருகிறேன். எங்கள் குடியிருப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசை போட்டு உட்கார்ந்தோம். கைபேசியைக் கொடுப்பவர்கள் சிம்மையும் நினைவட்டையையும் எடுத்துவிட்டு, உள்ளிருப்பதை அழித்துவிட்டுத் தர வேண்டும். உப்பிய பேட்டரியைத் தனியே கண்ணாடிப் புட்டியில் மணலோடு வைக்க வேண்டும். குழல்விளக்கை வாங்கியபோது வந்த அட்டை உறையிலேயே போட்டுத் தர வேண்டும் என்று கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டினோம். காலையில் இரண்டு மூன்று பேர்தான் வந்தார்கள். பதினோரு மணிக்குமேல் கூட்டம். இரண்டு பெட்டித் தொலைக்காட்சி, ஏழு விசைப்பலகை, வால் நீண்ட எலிகள் எண்ணிறந்தவை, ஒரு தூரவாணிநகர்க் கறுப்புத் தொலைபேசி. அதை மட்டும் யாருக்கும் அனுப்ப மனமில்லாமல் நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டேன். இன்னும் மணி ஒலிக்கிறது.

நாலாவது மாடி மாமி ஒருவர் லேப்டாப்போடு வந்து, "குஜரிக்காரன் ஐந்நூறு தரேங்கறான். நீங்க சும்மா வாங்கிக்கறேளே, இது என்ன நியாயம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அனுமதி பெற்ற ஆலைக்குக் கழிவுநீர் சுத்திகரிப்பு, முகமூடி, மருத்துவச் சோதனை எல்லாம் செலவு. குஜரிக்கு அந்தச் செலவு எதுவும் இல்லை, அதனால் விலை கூடத் தர முடிகிறது. அந்த ஐந்நூறு ரூபாய் எங்கிருந்து மிச்சமாகிறது என்று நான் சொல்லத் தொடங்கியதும், "சரி சரி, லெக்சர் வேண்டாம், வெச்சுக்கோங்கோ" என்று வைத்துவிட்டுப் போனார்.

வாசலில் இருந்த காவலாளித் தம்பி பொருள்களை அடுக்க உதவினார். தங்கவயல்காரர். அப்பா சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்தவர்; மூச்சு வாங்கியே காலமானார் என்று முன்பே சொல்லியிருந்தார். ஒரு கணினிப் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுலயா சார் தங்கம்?" என்றார். ஓரத்தில் மஞ்சளாக மின்னிய பல்வரிசையைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார்.

"எங்கப்பா முப்பது வருஷம் கீழ போனாரு. தங்கத்தைக் கண்ணால பாத்ததே இல்லன்னு சொல்லுவாரு. கல்லுதான் பாத்தேன்டான்னு சொல்லுவாரு." கொஞ்ச நேரம் கழித்து, "இதை உடைக்கறவங்க மூக்குக்கு ஏதாச்சும் கட்டிக்குவாங்களா சார்?" என்று கேட்டார். இவை போகிற இடத்தில் கட்டிக்கொள்வார்கள் என்றேன்.

மாலை நாலு மணிக்கு டெம்போ வந்தது. எடை போட்டு, ரசீது வாங்கி, கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். பிறகு உட்கார்ந்து பட்டியலைச் சரிபார்த்தபோது, கீழ்த்தளத்துப் பொது அறையில் கிடந்த பழைய வயர்ச் சுருள்கள் நான்கும் வண்டியில் ஏறவில்லை என்று தெரிந்தது. விசாரித்தேன். முந்தின நாளே யாரோ குஜரிக்குப் போட்டுவிட்டார்களாம். தாமிரம் அன்றைக்கு நல்ல விலை.